எலிசபெத் ராணி தன்னை எதிர்த்த அரசியல்வாதிகளை எப்படிக் கையாண்டார்?

முடியாட்சியே கூடாது என்ற கொள்கை உள்ளவர்களோடும் சேர்ந்து 70 ஆண்டுகளை ஒரு ராணி எப்படி ஓட்டினார் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டன் அரசியலை நெடுங்காலமாக ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரணியில் நின்றவர்களோடு இரண்டாம் எலிசபெத்துக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. அரச விசுவாசிகள் என்று பெயர் எடுத்த பிரதமர்கள்தான் அவரை அதிகம் சங்கடத்தில் மாட்டிவிட்டார்கள்.

டோனி பென் கதையைப் பாருங்கள். 1964இல் ஹரோல்ட் வில்சன் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது தபால் துறை அமைச்சரானவர். ஸ்டாம்பில் ராணியின் தலை எதற்கு என்பது அவர் கேள்வி. 1965 மார்ச்சில் அரண்மனைக்கே போனார். தலை இல்லாத மாதிரிகளை ராணியின் முன்னால் தரையில் பரப்பி, மண்டியிட்டு உட்கார்ந்து விளக்கினார். ராணி பொறுமையாகப் பார்த்தார், மறுத்து எதுவும் சொல்லவில்லை. சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பென் சந்தோஷமாக வெளியே வந்தார். அப்புறம் பிரதமர் வழியாகச் சேதி வந்தது: தலையை எடுக்கக் கூடாது. கடைசியில் ஒரு மூலையில் ராணியின் சின்ன நிழலுருவம் மட்டும் இருந்தால் போதும் என்று முடிவானது. ஸ்டாம்ப் சேர்த்தவர்களுக்குத் தெரியும், பிரிட்டன் ஸ்டாம்பில் நாட்டின் பெயரே இருக்காது. அந்தத் தலைதான் அடையாளம். படத்துக்கு நிறைய இடம் கிடைத்ததில் பென்னுக்கும் பாதி வெற்றி. நேருக்கு நேர் மோதாமலே காரியம் முடிந்தது.

வில்சன் விஷயம் வேறு. பிரதமர் வாரம் ஒரு முறை ராணியைத் தனியாகச் சந்திப்பார். குறிப்பெடுக்கக்கூட யாரும் இருக்க மாட்டார்கள். பதவிக்கு வந்த புதிதில், பிளெட்ச்லி பகுதியில் புது நகரம் அமைக்கும் யோசனை பற்றி ராணி பேச்செடுத்தார். வில்சன் அந்தக் கோப்பை இன்னும் படித்திருக்கவில்லை. பல வருடம் கழித்து, 1976இல் பதவி விலகும்போது, அடுத்து வருபவர் கோப்புகளை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போகட்டும், இல்லையென்றால் பாடம் படிக்காத பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்க வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவரை வழியனுப்ப ராணியே டவுனிங் தெருவில் உள்ள பிரதமர் இல்லத்துக்கு விருந்துக்குப் போனார். அதற்கு முன் 1955இல் சர்ச்சிலுக்குக் கிடைத்த மரியாதை அது.

இதில் அனுபவத்தின் பங்கு பெரிது. அரசுக் கோப்புகள் அடங்கிய சிவப்புப் பெட்டி அநேகமாகத் தினமும் அவரிடம் வரும், அவரும் படிப்பார். சர்ச்சிலில் தொடங்கி லிஸ் டிரஸ் வரை 15 பிரதமர்கள் வந்து போனார்கள். அவர் மட்டும் அப்படியே இருந்தார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அதன் பழைய கதை அவருக்குத் தெரியும். எந்தக் கட்சிக்காரரானாலும் அதை மதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் என்னைக் கேட்டால், அவருடைய வாழ்நாளின் மிகக் கடினமான சந்திப்பு மார்ட்டின் மெக்கின்னஸோடு நடந்ததுதான். வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏவின் முன்னாள் தளபதி, பிறகு வட அயர்லாந்தின் துணை முதலமைச்சர். 1979இல் மவுண்ட்பேட்டனை, அதாவது ராணியின் கணவருடைய மாமாவை, படகில் குண்டு வைத்துக் கொன்றது அதே ஐஆர்ஏ. கூடவே 14, 15 வயதுப் பையன்கள் இருவரும் செத்தார்கள். மறுபக்கம், 1972 ஜனவரி 30 அன்று மெக்கின்னஸின் சொந்த ஊரான டெர்ரியில் ஊர்வலம் போன மக்கள்மீது சுட்டது ராணியின் ராணுவம். அன்றே 13 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் பிணம் விழுந்திருந்தது.

அந்தச் சந்திப்புக்கு வழி திறந்தது 2011 மே மாதம் ராணி அயர்லாந்துக்குப் போன பயணம். 1911க்குப் பிறகு பிரிட்டன் அரசர் யாரும் அதன் தலைநகர் டப்ளினில் கால் வைத்ததில்லை. அயர்லாந்தின் விடுதலைக்காகப் பிரிட்டனை எதிர்த்து உயிர்விட்டவர்களின் நினைவிடத்தில் ராணி மலர்வளையம் வைத்துத் தலை குனிந்தார். டப்ளின் கோட்டை விருந்தில் பேச்சின் முதல் வரியை ஐரிஷ் மொழியில் சொன்னார். மேசையில் இருந்த அயர்லாந்து அதிபர் மேரி மெக்காலீஸ் வியப்பில் "வாவ்" என்று வாயசைத்தது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பயணத்தை மெக்கின்னஸின் கட்சியான சின் ஃபெய்ன் புறக்கணித்திருந்தது. அடுத்த ஆண்டு, 2012 ஜூன் 27 அன்று, பெல்ஃபாஸ்டின் லிரிக் தியேட்டரில் இருவரும் கைகுலுக்கினார்கள். முதலில் உள்ளே, அப்புறம் கேமராக்களுக்கு முன்னால். விடைபெறும்போது மெக்கின்னஸ் ஐரிஷ் மொழியிலேயே வாழ்த்தினார். 2014இல் விண்ட்சர் கோட்டை விருந்தில் வந்து உட்கார்ந்தார். 2017இல் அவர் இறந்தபோது அவர் மனைவிக்கு ராணியிடமிருந்து தனிப்பட்ட முறையில் செய்தி போனது. அந்தக் கைகுலுக்கல் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இரண்டு பேரும் தங்கள் பக்கத்து ஆட்களிடம் வசவு வாங்கத் தயாராகித்தான் கையை நீட்டியிருக்கிறார்கள்.

சரி, சொந்த ஆட்கள் என்ன செய்தார்கள்? 1963இல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த பிரதமர் மெக்மிலன், தனக்குப் பின் பிரதமராகத் தன் கட்சிக்காரர் டக்ளஸ் ஹோமை அழைக்கும்படி ராணிக்கு ஆலோசனை சொன்னார். ராணி அப்படியே செய்தார், கட்சிச் சண்டையில் அவர் பெயரும் இழுபட்டது. 2014இல் பிரிட்டனை விட்டுப் பிரிய வேண்டாம் என்று ஸ்காட்லாந்து வாக்கெடுப்பு முடிந்ததும், முடிவைக் கேட்டு ராணி போனில் எப்படிப் பூரித்தார் என்று டேவிட் கேமரன் நியூயார்க்கில் பேசிக்கொண்டிருந்தது மைக்கில் விழுந்தது. கட்டிக்காத்த நடுநிலையை அவருடைய பிரதமரே இப்படிப் போட்டு உடைத்தார். பிறகு மன்னிப்பும் கேட்டார்.

எல்லாவற்றையும்விட மோசம் 2019. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்ஸிட் நெருக்கடியின் நடுவில் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கி வைக்கும்படி போரிஸ் ஜான்சன் ஆலோசனை சொன்னார், ராணி ஒப்புதல் கொடுத்தார். மறுத்திருக்கலாமே என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மக்கள் ஓட்டுப் போடாத ஒருவர், பெரும் அரசியல் சண்டையின் நடுவில் பிரதமரின் பேச்சைத் தட்டினால் அவரும் அந்தச் சண்டையில் ஒரு கட்சி ஆகிவிடுவார். திருத்த வேண்டியது நீதிமன்றம், அது திருத்தியது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, பிரதமர் தந்த ஆலோசனையே சட்டவிரோதம், அதனால் ஒத்திவைப்பும் செல்லாது என்றார்கள். மறுநாளே நாடாளுமன்றம் கூடியது.