கூடாரத்தை எங்கே கொண்டுபோவது?

வணக்கம்.

2020 ஊரடங்கில் எங்கள் மன்னார்குடியில் கிரேட் பாம்பே சர்க்கஸ் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். காட்சி கிடையாது என்று தெரிந்ததும் அவர்கள் ஏன் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பவில்லை? அதற்கு முந்தைய கொள்ளைநோய்க் காலங்களில் சர்க்கஸ்கள் என்ன செய்தன?

ரா., மன்னார்குடி

அன்புள்ள ரா.,

கிளம்புவதற்கு முன் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். 1918-ல் அமெரிக்காவில் இன்ஃப்ளுயென்சா பரவி ஊர் ஊராகக் காட்சிகளுக்குத் தடை வந்தபோது ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸும், அதே குடும்பத்தின் கையில் இருந்த பார்னம் அண்ட் பெய்லியும் அக்டோபர் தொடக்கத்திலேயே அந்த ஆண்டின் சுற்றை முடித்துக்கொண்டன. உலகப் போரால் ஆள் பஞ்சமும் ரயில் நெருக்கடியும் வேறு. இரண்டின் ரயில்களும் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த குளிர்கால முகாமுக்குப் போய்விட்டன. 1919 மார்ச் 29 அன்று ஒரே சர்க்கஸாக நியூயார்க்கில் மீண்டும் காட்சி தொடங்கின. ஆண்டுதோறும் சில மாதம் ஒதுங்கும் பழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது. நம் சர்க்கஸ்கள் ஆண்டு முழுக்க மைதானம் விட்டு மைதானம் போகிறவை. கூடாரம்தான் மேடை, அதன் பின்புறம்தான் வீடு. தியேட்டரைப் பூட்டினால் ஊழியர் வீட்டுக்குப் போகலாம். சர்க்கஸைப் பூட்டினால் எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள், செலவும் அப்படியே இருக்கிறது.

100 பேர் முகாம் என்று வையுங்கள். ஒரு வேளைக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி, இரண்டு வேளை: நாளுக்கு 30 கிலோ, மாதத்துக்கு 9 குவிண்டால். உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் அரிசி மூட்டையோடுதான் வருகிறார்கள். முதலில் தீர்வதோ பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர்.

குதிரைக்குக் கணக்கு வேறு. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம், அதாவது 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. ஆட்டம் நின்ற அன்றே தானியத்தைக் குறைத்துவிட வேண்டும். வேலையில்லாத குதிரைக்குப் பழைய அளவிலேயே கொள்ளு போட்டால் மறுபடி ஓட்டும்போது தசை இறுகி நடக்க முடியாமல் போகும். யாரோ அன்போடு கொடுத்த புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றிப் போட்டால் வயிற்றுவலி வரும். ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். காலை மாலை கையில் பிடித்து நடத்துவதும் அவசியம்.

கூடாரத்தைக் கட்டியபடியே விட்டால் வெயில் கித்தானைத் தின்னும், மழை கம்பத்தை வளைக்கும். தளர்ந்த இடத்தில் 10 சதுர மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு டன். அந்தப் பாரத்தில் தையல் கிழியும். கயிறு சணல் வகையானால் நனைந்ததும் சுருங்கி, ஈர மண்ணில் இளகிய முளையைப் பிடுங்கிவிடும். மழைக்கு முன்பே தளர்த்த வேண்டும். இறக்கி வைப்பதே நல்லது. ஆனால் ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்கலாம்.

நோயைப் பொறுத்தவரை, பார் விளையாட்டில் பறப்பவரும் பிடிப்பவரும் ஆறடி இடைவெளி விட முடியாது. சேர்ந்து ஆடுகிறவர்களைச் சிறு குழுவாகச் சேர்ந்தே தங்கவைத்து, சந்தைக்குப் போக ஒரே ஆளை வைப்பதுதான் வழி. காய்ச்சல்காரருக்கு ஒரு கூடாரமும் தனிக் கழிப்பிடமும் காலியாகவே இருக்க வேண்டும். கோமாளிகளின் ஒப்பனைப் பெட்டியும் பொதுவாக இருக்கக் கூடாது.

பார் ஆட்டக்காரரின் உள்ளங்கைக் காய்ப்பு சில வாரத்திலேயே மென்மையாகிவிடும். திரும்பத் தொடங்கும்போது முதலில் தாழ்ந்த பாரில் தொங்கல், பிறகு வெறும் ஊசல், அதன் பிறகே பிடி. வலையும் வெயிலில் பலம் இழந்திருக்கும். மணல்மூட்டையைப் போட்டுப் பார்க்காமல் ஆளை விடக் கூடாது. மாதக்கணக்கில் நின்ற குழுவை முதலாளி ஒரு வாரத்தில் மேலே ஏற்றினால் அது பெரும் தவறு.

திறந்த பிறகும் பாதி இருக்கைதான் என்று கொரோனா காலத்தில் இருந்தது சர்க்கஸுக்கு மிகக் கொடுமையான விதி. வார நாளில் எப்படியும் கேலரி பாதிகூட நிரம்பாது. அந்த நஷ்டத்தைச் சனி, ஞாயிறு நிறைந்த கூட்டம்தான் ஈடுகட்டுகிறது. பாதி இருக்கை விதி அந்தக் கூட்டத்தையே வெட்டியது. 2020 செப்டம்பரில் ராம்போ சர்க்கஸ் டிக்கெட் வைத்து இணையத்தில் நிகழ்ச்சி நடத்தியது, துணிவான முயற்சி. கோமாளி ஆட்டம் திரையில் நிற்கும். பார் விளையாட்டின் உயரத்தை அண்ணாந்து பார்த்தால்தான் உணர முடியும்.

உங்கள் ஊரில் இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், அரிசியோடு இதையும் செய்யுங்கள்: மைதான வாடகையைத் தள்ளச் சொல்லி உரியவரிடம் மனு, தினம் ஒரு தண்ணீர் லாரி, கழிப்பிடத் தொட்டி நிரம்பும்முன் உறிஞ்ச வண்டி, கால்நடை மருத்துவர் ஒருவரின் வாராந்திர வருகை.