பறவைகளைச் சன்னலில் உட்காரவைப்பது எப்படி: கேள்வி பதில்

தெருவைப் பார்த்த ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். அதில் தன் பறவை ஓவியங்களையோ காகிதப் பறவைகளையோ வைக்கப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் வரைகிறவள்தான். ஆனால் வரைந்த நேரத்துக்குச் சமமாகச் சன்னல்களுக்குள் முட்டி போட்டும் கழித்திருக்கிறேன்.

அக்கா, சன்னல் 4 அடி அகலம். கையில் 14 படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வைத்துவிடலாமா?

மூன்று வையுங்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டுங்கள். வலிக்கும், தெரியும்.

மனிதர்கள் சாதாரணமாக நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நடக்கிறார்கள். 4 அடி என்பது 1.2 மீட்டர். அதாவது உங்கள் சன்னலை ஒருவர் ஒரு நொடிக்குள் தாண்டிவிடுவார். அந்த நொடியில் 14 பறவைகள் கண்ணில் படாது, ஒரு கூட்டம்தான் படும். காலை நிறுத்த ஒரு பெரிய பறவை, நின்றவருக்குப் பரிசாக இரண்டு சின்னவை. அவ்வளவு போதும். என் முதல் சன்னலில் 19 படங்கள் அடுக்கினேன். ஒருவர் பக்கத்தில் வந்தவரிடம், "காலண்டர் விக்கிறாங்க போல" என்று சொல்லிக்கொண்டே போனார்.

என்னுடையது எல்லாம் நீர்வண்ணம். வெயில் நேராக விழும் சன்னல். வெளுத்துவிடுமா?

வெளுக்கும். அசலை வைக்காதீர்கள். நல்ல நிறமி மையில் ஒரு அச்சுப்படி எடுத்து அதை வையுங்கள். யாராவது கேட்டால் உள்ளிருந்து அசலை எடுத்துக் காட்டலாம்.

பலர் இதை லேசாக எடுத்துக்கொள்வதால் கணக்கைச் சொல்கிறேன். காகிதத்தில் வரைந்த படங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வழக்கமான வரம்பு 50 லக்ஸ் வெளிச்சம் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்). உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். ஒரு மணி நேர நேர்வெயில், அருங்காட்சியக வெளிச்சத்தில் 2,000 மணி நேரம் வைத்ததற்குச் சமம். அருங்காட்சியகம் தினம் 8 மணி நேரம் திறந்திருந்தால் அது 250 நாள்! புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் வெளுப்பு தள்ளித்தான் போகும், நிற்காது; ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தைத் தின்னும்.

எல்லா நிறமும் ஒன்றுபோல் வெளுக்காது. காவி, மஞ்சள் மண், அல்ட்ராமரின் நீலம் கல்லுப்போல நிற்கும். அலிசரின் கிரிம்சன் என்ற பேரில் வரும் சிவப்பில், குழாய்மேல் அச்சிட்டிருக்கும் நிறமி எண் பி.ஆர். 83 (PR83) என்று இருந்தால் நம்பாதீர்கள். பளீரென்று ஒளிரும் பிங்க் வகை அதைவிட மோசம். ஒரு பூநாரையை அந்தப் பிங்க்கில் வரைந்து ஆறு வாரம் சன்னலில் வைத்தேன். பூநாரையாகப் போனது, கொக்காகத் திரும்பி வந்தது. பெயர்ச்சீட்டு மறைத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு செவ்வகம் ரோஜா நிறத்தில் அப்படியே இருந்தது.

உங்கள் வண்ண டப்பாவைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரு காகிதப் பட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் கோடாக இழுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, அதே சன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். தாளை எடுக்கும்போது எது துரோகி என்று தெரிந்துவிடும்.

பகலில் வெளியே நின்று பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது, படம் தெரியவில்லை. பின்னால் கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

அந்தக் கறுப்புத் துணிதான் குற்றவாளி. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு வைத்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தெருவில் 100 பங்கு வெளிச்சம் என்றால் 8 பங்கு உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. இருட்டான உள்பக்கத்தில் இருக்கும் படத்திலிருந்து அதில் பாதிகூட வராது.

துணியை வெளிர் நிறமாக மாற்றுங்கள். படத்தைக் கண்ணாடிக்குப் பக்கமாக நகர்த்துங்கள், ஆனால் ஒட்டவேண்டாம். ஒரு சாண் இடைவெளி இருந்தால் கண்ணாடியில் நீர் கோத்தாலும் தாளைத் தொடாது. விளக்கு மேலிருந்து சாய்வாக விழட்டும். எதை மாற்றினாலும் வெளியே போய் நின்று பாருங்கள். உள்ளே நின்று அலங்கரிக்கிறவர்கள் எல்லாருமே ஏமாந்துபோகிறார்கள், நானும்தான்.

காகிதத்தில் செய்த தகைவிலான்களைத் தொங்கவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் வாலைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன!

ஒற்றை நூலில் தொங்கும் எதுவும் சுற்றும். விளக்குச் சூட்டில் காற்று மேலே ஏறினாலே போதும். முதுகில் இரண்டு இடத்தில், கழுத்தடியில் ஒன்று, வாலுக்குச் சற்று முன்னால் ஒன்று, நைலான் நரம்பு கட்டி, மேலே சட்டத்திலும் அதே இடைவெளியில் தனித்தனியாக முடியுங்கள். இரண்டையும் மேலே ஒரே ஆணியில் சேர்த்துக் கட்டினால் மறுபடியும் சுற்றத்தான் செய்யும். முன் நரம்பை விரலளவு குறைத்தால் பறவை ஏறும், கூட்டினால் இறங்கும். ஒரு இறக்கையின் நுனிக்கு அடியில் சின்னக் களிமண் உருண்டையை ஒட்டிப் பாருங்கள். உடல் ஒரு பக்கம் சரிந்து, திரும்பப்போகிற பறவை ஆகிவிடும். சம இடைவெளியில் மட்டும் தொங்கவிடாதீர்கள், துணி காயப்போட்டது போல இருக்கும். சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டியதும் வெயிலில் இளகி விழும். நரம்பைத் துளையிட்டே கட்டுங்கள்.

அலகு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

சன்னலின் உள்பக்கமாக. ஓரத்தில் இருக்கும் பறவை வெளியே பார்த்தால் பார்ப்பவர் கண்ணும் அதோடு போய்விடும். ஆந்தை மட்டும் நேராகப் பார்க்கட்டும். இரண்டு கண்ணும் முன்னால் உள்ள முகம், மனிதரை நிறுத்திவிடும்.

புறாக் கழுத்தின் மினுமினுப்பு வண்ணத்தில் வரவே மாட்டேன் என்கிறது.

அங்கே இருப்பது சாயம் இல்லை என்பதுதான் காரணம். இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறிப் பிறக்கும் நிறம் அது. கோணம் மாறினால் பச்சை ஊதாவாகும். மைக்கா கலந்த, கோணத்துக்குக் கோணம் மாறும் வண்ணங்கள் கிடைக்கின்றன. கறுப்பு அடித்தளம் போட்டு, அதன்மேல் மெல்லிய ஒரு பூச்சு கொடுங்கள். சுவரில் மாட்டிய படத்தில் எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. சன்னலுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை: பார்ப்பவர் நடந்துகொண்டே இருக்கிறார், கழுத்து தானாக மினுங்கும்.

நிஜ இறகு, நிஜக் கூடு வைக்கலாமா?

வேண்டாம். காட்டுப் பறவையின் இறகை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம், தரையில் கிடந்து பொறுக்கியது என்றாலும். சட்டத்தை விட்டாலும் பூச்சி இருக்கிறது. துணியரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு இறகு விருந்து. கூட்டை வரைந்துவிடுங்களேன்.

பின்னால் பெரிய முகக்கண்ணாடி வைத்து, செடிகளும் வைத்தால் காடு போல ஆழம் தெரியும் என்று நினைக்கிறேன். சரியா?

பறவைக்கும் காடு போலத்தான் தெரியும், வந்து மோதிச் சாகும். பறவைகளைக் கொண்டாட வைத்த சன்னலுக்கு அடியில் ஒரு சிட்டு செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். முகக்கண்ணாடியையும் செடியையும் விட்டுவிடுங்கள். ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டினால் பயப்படும் என்பது வெறும் நம்பிக்கை. அதைச் சுற்றிப் பறக்கப் பார்த்துப் பக்கத்தில் மோதும். கண்ணாடியின் வெளிப்புறத்தில், 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாமல் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால்தான் பறவை அதைத் தடையாகப் பார்க்கும். வெள்ளைப் புள்ளிகளையே மழையாகவோ விதையாகவோ உங்கள் காட்சிக்குள் இழுத்துக்கொள்ளலாம். இரவு தாமதமாக விளக்கு எரியவேண்டாம். வலசை போகும் பறவைகள் வெளிச்சத்தில் திசை தடுமாறும். டைமர் போட்டுவிடுங்கள்.

எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்?

10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று பலகை எழுதுகிறவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரும் தொடர்புகொள்ள ஒரு வழியும் போதும். கலைஞரின் நோக்கம் பற்றிய நீண்ட பத்தியை நின்று படிக்க ஆள் இல்லை.

வைத்து முடித்த பிறகு வேறு என்ன செய்யவேண்டும்?

வாரம் ஒருமுறை உள்ளே தூரிகையும் முறமும் எடுத்துக்கொண்டு போங்கள். வெயில் படும் சன்னலில் ஈ செத்து விழுந்துகொண்டே இருக்கும். மீன்கொத்திக்குக் கீழே நாலு ஈ மல்லாந்து கிடந்தால் எல்லாரும் அந்த ஈயைத்தான் பார்ப்பார்கள்.