நோட்டில் கிடக்கும் கண்மாய்க் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் பறவைகளை வலசைக் காலத்தில் எண்ணி நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இதைப் பொதுவில் வைக்க என்ன வழி?
– இளைஞர் குழு, மேலூர் வட்டம்

பதில்: இத்தகைய பதிவுகள் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஜிபிஐஎஃப் என்கிற உலகப் பல்லுயிர்த் தகவல் வலையமைப்பு. 2001-இல் தொடங்கியது, தலைமைச் செயலகம் கோபன்ஹேகனில். அங்கே தனி ஆள் நேரடியாகத் தரவு வெளியிட முடியாது. ஒரு நிறுவனம் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது பறவைக் கணக்கு மட்டும் என்றால், பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்டு என்ற இணையத் தளத்தில் ஏற்றுங்கள். அங்கிருந்து ஜிபிஐஎஃப்-க்குத் தானாகவே போய்விடும்.

ஏற்றும் முன் நோட்டில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள். நேரமும் தூரமும் இல்லாத பழைய பக்கங்களை ‘ஹிஸ்டாரிகல்’ வகையில் போடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். எண்ணாமல் ‘நிறைய’ என்று எழுதியிருந்தால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் குறி போதும்.

பெரும்பாலான குழுக்கள் தவறுவது அடுத்த கேள்வியில்தான். ‘அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா?’ என்று தளம் கேட்கும். நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் எண்ணிவிட்டு, காக்கையையும் மைனாவையும் விட்டிருந்தால் பதில் ‘இல்லை’. தெரியாமல் ‘ஆம்’ கொடுத்தால், அன்று அந்தக் கண்மாயில் காக்கையே இல்லை என்று ஆய்வாளரின் கணக்கு எடுத்துக்கொள்ளும். முழுப் பட்டியலின் மதிப்பே இதில்தான் இருக்கிறது: எது இருந்தது என்பதோடு எது தென்படவில்லை என்பதையும் அது சொல்கிறது. ஒரு பறவை குறைந்து வருகிறதா என்பதை இந்த ‘தென்படவில்லை’யை வைத்துத்தான் கணிக்க முடியும். ஆகவே இந்த வருடத்திலிருந்து காக்கையையும் எழுதுங்கள்.

நோட்டில் வெறும் ‘கொக்கு’ என்று இருந்தால் அதை உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு என்று இப்போது பிரிக்காதீர்கள். இனம் தெரியாத கொக்கு என்று பதிய தளத்திலேயே இடம் உண்டு.

கேள்வி: எக்செல்லில் தொகுத்த பட்டியலை வரைபடத்தில் போட்டால் சில புள்ளிகள் கடலில் விழுகின்றன, சில அருப்புக்கோட்டைப் பக்கம் போகின்றன. எல்லாமே மதுரையில் எடுத்த பதிவுகள்.
– கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: இரண்டும் வெவ்வேறு பிழைகள். மதுரை சுமாராக அட்சம் 9.92, தீர்க்கம் 78.12. இவை இடம் மாறினால் புள்ளி ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் விழும். கூகுள் வரைபடம் அட்சத்தை முதலில் தருகிறது, பல வரைபட மென்பொருள்கள் தீர்க்கத்தை முதலில் கேட்கின்றன; குழப்பம் அங்கேதான் வருகிறது.

அருப்புக்கோட்டைப் பிழை நைசானது. 9 டிகிரி 55 நிமிடம் என்பதை யாரோ 9.55 என்று தட்டியிருப்பார்கள். நிமிடத்தை 60-ஆல் வகுத்து 9.9167 என்று எழுத வேண்டும். வகுக்காமல் விட்டதால் புள்ளி 40 கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது. கடலில் விழுந்ததைத் தளமே கண்டுபிடித்து எச்சரிக்கும். நிலத்தில், அதுவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே விழுந்ததை எந்தத் தானியங்கிச் சோதனையும் பிடிக்காது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தேதியையும் பாருங்கள். 03/04/2023 என்பதை எக்செல் ஒரு கணினியில் ஏப்ரல் 3 என்றும் இன்னொன்றில் மார்ச் 4 என்றும் படிக்கும். அந்த நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு 2023-04-03 என்று எழுதுங்கள்.

கேள்வி: உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்ட பட்டாம்பூச்சிப் படங்கள் ஜிபிஐஎஃப்-இல் வரவில்லையே?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உரிமத்தைப் பாருங்கள். மற்றவர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில் சிசி ஜீரோ, சிசி பை, சிசி பை-என்சி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் போகும். ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று வைத்திருந்தால் போகாது. பதிவுக்கு ஓர் உரிமம், படத்துக்கு ஓர் உரிமம் எனத் தனித்தனியாக இருப்பதால் இரண்டையும் பாருங்கள். அடுத்து, பெயரை மற்றவர்களும் உறுதி செய்து ‘ரிசர்ச் கிரேடு’ ஆகியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றினால், அதில் இருந்த இடக்குறிப்பு அழிந்திருக்கும். எடுத்தவரிடம் மூலப்படத்தையே வாங்குங்கள்.

கேள்வி: லகுடு வல்லூறு என்ற வேட்டைப் பறவை கூடு வைத்திருக்கும் பாறையைப் பதிந்தால் படம் எடுக்கக் கூட்டம் வந்துவிடாதா? பதியாமலே விட்டுவிடலாமா?
– வாசகர், அரிட்டாபட்டி அருகே

பதில்: பதியுங்கள், ஆனால் இடத்தை மறைத்து. ஐநேச்சுரலிஸ்டில் ‘அப்ஸ்க்யூர்டு’ கொடுத்தால் உண்மையான புள்ளி மறைந்து, 0.2 டிகிரி கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி தெரியும். கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அதே காலையில் அதே பாறையில் எடுத்த ஓணான் படத்தைத் திறந்த இடத்தோடு போட்டால் மறைத்தது வீண். பாறையின் வடிவம் தெரியும் படமும் வேண்டாம். குஞ்சு பறந்த பிறகு ஏற்றுவது இன்னும் நல்லது.

விட்டுவிடலாம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. உங்கள் பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2024-இல் ஏலம் போன டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்குள் அதன் நிலமும் வந்தது. 2025 ஜனவரியில்தான் ஏலம் ரத்தானது. இப்படி ஒரு சமயத்தில் ஆட்சேப மனுவோடு இணைக்க, தேதியும் படமும் உள்ள பொதுப் பதிவு ஊர்க்காரர்கள் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் துறையிலுள்ள பழைய உலர்தாவரத் தாள்களில் இடம் ‘அழகர்மலை’ என்று மட்டுமே இருக்கிறது. இவற்றை எப்படிப் பதிவது?
– தாவரவியல் ஆசிரியர், மதுரை

பதில்: மலையின் நடுப்புள்ளியின் அட்சம், தீர்க்கத்தைக் கொடுத்து, அங்கிருந்து மலையின் கடைசி விளிம்பு வரை உள்ள தூரத்தை ‘துல்லியமின்மை’ நெடுவரிசையில் மீட்டரில் எழுதுங்கள். அதைக் காலியாக விட்டால் செடி அந்தப் புள்ளியிலேயே நின்றதாகப் படிப்பவர் நினைப்பார். தாளில் உள்ள சொற்களை எழுத்து மாறாமல் தனி நெடுவரிசையில் வையுங்கள், பழைய அறிவியல் பெயரையும் சேர்த்து. பதிவு வகை ‘பாதுகாத்த மாதிரி’. தாளுக்கு ஒரு நிலையான எண் கொடுத்துவிட்டால், அடுத்த முறை பட்டியலைப் புதுப்பிக்கும்போதும் அதே எண்ணையே வைத்திருங்கள். வரிசை எண்ணை அதற்குப் பயன்படுத்தினால், நடுவில் ஒரு வரி நுழைந்ததும் எல்லா எண்ணும் நகர்ந்து ஒரு செடியின் பதிவு இன்னொன்றின் மேல் ஏறிவிடும்.