துறைமுகத்துக்கு வராதவரையும் கேளுங்கள்

கேள்வி: குளச்சல் பகுதி மீனவர்களின் முதுகுவலி பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். ஒருநாள் காலை துறைமுகத்தில் எதிர்ப்பட்ட 60 பேரிடம் படிவம் நிரப்பினேன். இதைச் 'சமவாய்ப்பு மாதிரி' என்று எழுதலாமா? – மாணவி, நாகர்கோவில்

பதில்: எழுதாதீர்கள். கைக்கு எட்டியவரைக் கேட்பது வசதி மாதிரி. சமவாய்ப்பு முறையில் யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும்.

உங்கள் தலைப்பில் இது வெறும் பெயர்ச் சிக்கல் அல்ல. முதுகுவலி முற்றி வள்ளத்தை விட்டவர் காலையில் துறைமுகத்துக்கு வரமாட்டார். வீட்டு வாசலில் கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பார். ஆழ்கடலுக்குப் போனவர் வாரக்கணக்கில் ஊரிலேயே இல்லை. அவர்களை விட்டுவிட்டு 'வலி குறைவு' என்று முடிவெழுதினால், வலியால் தொழிலையே இழந்தவருக்கு அநியாயம் செய்கிறோம்.

ஆளைக் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் நடத்திய கருத்துக்கணிப்புக்குச் சுமார் 23 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். லாண்டன் வெல்வார் என்றது இதழ். 48 மாநிலங்களில் 46ஐ வென்றவர் ரூஸ்வெல்ட்.

முதலில் பட்டியல் தேடுங்கள். கூட்டுறவுச் சங்கப் பட்டியலில் உறுப்பினர்கள் மட்டுமே இருப்பார்கள். பங்கின் (ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தின்) குடும்பப் பதிவேட்டில் தொழிலை விட்டவரும் இருப்பார். பங்குத்தந்தையிடம் நோக்கத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். பிற சமயக் குடும்பங்கள் உள்ள ஊரில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது கடலுக்குப் போகிறவர், முன்பு போனவர் எனத் தகுதியானவர் 900 பேர், தேவை 60 என்று வையுங்கள்: 15 பேருக்கு ஒருவர். 1 முதல் 15 வரை சீட்டுக் குலுக்கி 7 வந்தால் 7, 22, 37 என்று போங்கள். வள்ளம், விசைப்படகு, தொழிலை விட்டவர் எனப் பட்டியலைப் பிரித்து ஒவ்வொன்றிலும் இப்படியே எடுத்தால் இன்னும் நல்லது. அதுதான் படுகை மாதிரி. அன்பியங்களை, அதாவது பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களை, குலுக்கி எடுப்பது கொத்து மாதிரி. அலைச்சல் குறையும், ஆனால் அக்கம்பக்கத்தார் ஒரே மாதிரித் தொழில் செய்வதால், நிறைய அன்பியங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் சிலரை மட்டும் குலுக்கி எடுங்கள்.

தேர்வானவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு நிரப்பிவிடாதீர்கள். வேறு வேளையில் மூன்று முறையாவது போங்கள். கடைசிவரை கிடைக்காதவர் எத்தனை பேர் என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடல் தொழிலாளர்களை வீட்டில் பிடிக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.

கையிலுள்ள 60 படிவங்களை முன்னோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்குப் பலரும் விழித்தார்களோ, அதைத் திருத்திவிட்டுப் புறப்படுங்கள்.