விதையிலிருந்து ஜெரேனியம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, விதை போட்டு இருபது நாள் ஆச்சு. பன்னிரண்டில் ரெண்டுதான் முளைத்திருக்கிறது. விதை பழசா, நான் போட்டது சரியில்லையா?

பதில்: முளைக்காத விதை ஒன்றைத் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். போட்டபடி கல் மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போகவே இல்லை. ஜெரேனியம் விதைக்குத் தோல் கெட்டி. பாக்கெட்டில் வரும் கலப்பின விதைகளைப் பெரும்பாலும் தோலை உரசித்தான் விற்கிறார்கள். செடியிலிருந்து நீங்களே எடுத்த விதை என்றால் உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். பழுப்புத் தோலில் வெளிறிய கீறல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் உள்ளிருக்கும் கருவுக்கே அடி.

கொழகொழவென்று நசுங்கினால் ஈரம் கூடிப்போய் அழுகிவிட்டது. முளைக்க 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது கிடைத்தால் ஐந்து முதல் பத்து நாளில் பெரும்பாலானவை தலைகாட்டும். வெப்பமானியை அறையில் மாட்டாமல் கலவைக்குள் செருகுங்கள். ஈரம் ஆவியாவதால் கலவை அறையைவிடக் குளிர்ந்திருக்கும். பல பேர் ஏமாறுவது இங்கேதான்.

கேள்வி: என்ன கலவை? எவ்வளவு ஆழம்?

பதில்: ரெண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல், வெள்ளை மணிகள்). கோகோபீட்டில் உப்பு இருக்கும். ரெண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மண்புழு உரம், தொழுவுரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, மேலே 3 மில்லிமீட்டர் கலவை. பிளாஸ்டிக் மூடி போடலாம், ஆனால் பாதி முளைத்ததுமே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்கிறது மேடம்.

பதில்: வெளிச்சம் போதவில்லை. எல்இடி குழல் விளக்கை நாற்றுக்கு மேலே 10 முதல் 15 சென்டிமீட்டரில் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். முளைத்த பிறகு 18 டிகிரி போதும். முளைக்கவைத்த அதே சூட்டிலேயே விட்டாலும் இப்படித்தான் நீளும். நீண்டதை மாற்றி நடும்போது வித்திலைக்கு (முளைத்ததும் முதலில் விரியும் ஜோடி இலை) சற்றுக் கீழ் வரை புதைக்கலாம். கலவை சொதசொதவென்று இருந்தால் மட்டும் அதைச் செய்யாதீர்கள், தண்டு அழுகிவிடும்.

கேள்வி: நேற்று வரை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை படுத்துவிட்டது. அடித்தண்டு கறுப்பாக இருக்கிறது. பட்டைத்தூள் தூவினால் பிழைக்குமா?

பதில்: பிழைக்காது. மண்ணை ஒட்டிய இடத்தில் ஈரமாக, பளபளப்பாகக் கறுத்து மேலே ஏறுகிறது என்றால் அது பித்தியம் என்ற பூஞ்சணம் போன்ற நுண்ணுயிரி உண்டாக்கும் நாற்றழுகல். விழுந்ததைக் குழிக் கலவையோடு தூக்கி எறியுங்கள். அந்தக் கலவையை மறுபடி பயன்படுத்த வேண்டாம். மிச்சத்துக்கு மேலே தெளிக்காமல், தட்டைத் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து எடுத்து வடியவிடுங்கள். மேற்பரப்பு காய்ந்து நிறம் மாறிய பிறகுதான் அடுத்த தண்ணீர். கலவை மேல் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் அவற்றையும் கவனியுங்கள். அவற்றின் புழுக்கள் வேரைக் கடிப்பதோடு நோயையும் பரப்பும். விதை ஜெரேனியம் சாவதில் பாதிக்கு மேல் தண்ணீர்க் குவளையின் வேலைதான் என்பேன்.

கேள்வி: எப்போது பூக்கும்? நுனி கிள்ளணுமா?

பதில்: விதைத்ததிலிருந்து 12 முதல் 16 வாரம். வித்திலைக்குப் பிறகு ரெண்டு மூன்று உண்மையிலைகள் வந்ததும் 8 சென்டிமீட்டர் தொட்டி, வேர் நிறைந்ததும் 12 முதல் 15. நேராக பெரிய தொட்டிக்குப் போனால் வேர் தொடாத கலவை ஈரமாகவே கிடக்கும். உரம் கால் பங்கு வீரியத்தில் வாரம் ஒருமுறை தொடங்கி, செடி பிடித்த பிறகு பாதிக்கு ஏற்றுங்கள். இன்றைய கலப்பினங்கள் தானாகவே கிளைக்கும். ஒற்றைக் குச்சியாகப் போனால் மட்டும் ஐந்தாறு இலைக்கு மேல் கிள்ளுங்கள். பூ சில வாரம் தள்ளிப்போகும்.

கேள்வி: கீழ் இலைகளின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். பூச்சி எதுவும் காணோம்.

பதில்: கலவை புளித்திருக்கலாம். அமில கார நிலை (pH) 6-க்குக் கீழே இறங்கினால் இந்தச் செடி இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மீறி உறிஞ்சும். முதலில் கருகுவது கீழ் இலை ஓரம்தான். அம்மோனிய உரம் கலவையை இன்னும் புளிக்கவைக்கும். நைட்ரேட் உரத்துக்கு மாறுங்கள், அடுத்த தடவை கலவையில் டாலமைட் சுண்ணாம்புத்தூள் சேருங்கள். 6 முதல் 6.5 சரியான அளவு. ஆனால் ஓரத்திலிருந்து நரம்பு நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சளாகி, ஈரம் இருந்தும் இலை துவண்டால் அது பாக்டீரியா வாடல். மருந்து தேடாமல் செடியைத் தொட்டியோடு அப்புறப்படுத்திக் கத்தரிக்கோலையும் கழுவுங்கள்.

கேள்வி: தொட்டாலே இதழ் கொட்டுகிறதே?

பதில்: விதையில் வருபவை பெரும்பாலும் ஒற்றை அடுக்கு, கொட்டுவது அவற்றின் சுபாவம். பக்கத்தில் பழக்கூடை இருந்தால் நகர்த்துங்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு இதழை இன்னும் சீக்கிரம் உதிர்க்கும்.

கேள்வி: இதிலிருந்து விதை எடுத்தால் இதே நிறம் வருமா?

பதில்: எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்றால் வராது. அதே செடி வேண்டுமானால் 8 முதல் 10 சென்டிமீட்டர் நுனித்தண்டை வெட்டி, அடி இலைகளை நீக்கி, வெட்டுவாய் உலர சில மணி நேரம் நிழலில் வைத்து நடுங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. கொசு வராது என்பதால் அறைக்குள் வைக்க ஆசை.

பதில்: செடி சும்மா நின்றால் கொசு போகாது. பூனையோ நாயோ மென்றால் வாந்தி எடுக்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.