எம்.ஜி.பி. முன்பக்கம்: ஸ்பிரிங் வாங்கும் முன் கிங்பின்னைப் பாருங்கள்

அண்ணே, சுங்கை சிப்புட் தோட்டச் சாலை வளைவுகளில் உங்கள் எம்.ஜி.பி. (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) அலைபாய்கிறது, தாழ்வான ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். செம்பனை லோரிகள் பள்ளமாக்கிய சாலையில் காரைத் தாழ்த்தவே வேண்டாம்.

முதலில் ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன் டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். யாரையாவது பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆட்டம் இருந்தால் பேரிங்கை விட்டுவிட்டுக் கிங்பின்னை, அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரம் சுழலும் அச்சுக்கம்பியை, சந்தேகப்படுங்கள். அதற்குப் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உண்டு. செம்மண் அடைத்துக்கொண்டால் கிரீஸ் உள்ளே ஏறாது, கிங்பின் தேய்ந்துவிடும்.

அப்புறம் கீழ்க்கை புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை. இதே காரின் எட்டு சிலிண்டர் வகையான எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் புஷ்ஷையே போடுங்கள், ஸ்டீயரிங்கின் தளர்வு நன்றாகக் குறையும். லீவர் ஷாக்கில் (கை வைத்த பழைய வகை ஷாக் அப்சார்பர்) எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் கைதான் இந்தக் காருக்கு மேல்கை. எல்லாம் முடிந்த பிறகு அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) பாருங்கள்.