அதிகாரியாக இருந்து தேசியத் தலைவரானவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்? ஏன்?

மொரார்ஜி தேசாய்.

நான் வருவாய்த் துறையில் 31 வருடம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். அதனால் அவரைப் பற்றி எதைப் படித்தாலும் பிரதமர் மொரார்ஜிக்கு முன்னால் டெபுடி கலெக்டர் மொரார்ஜிதான் என் கண்ணில் படுகிறார்.

1896-இல் இன்றைய குஜராத்தின் வல்சாடு பக்கம் பதேலி என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். மொரார்ஜிக்குப் பதினைந்து வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பம்பாய் வில்சன் கல்லூரியில் படிப்பை முடித்து, 1918-இல் பம்பாய் மாகாண சிவில் சர்வீஸில் சேர்ந்தார். கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்பார்கள் எங்கள் ஊரில். டெபுடி கலெக்டர் பதவி என்றால் அந்தக் காலத்தில் ஒரு ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? 12 வருடம் அந்த வேலையில் இருந்தார்.

கடைசியாக கோத்ரா. அங்கே 1927-28-இல் நடந்த கலவரத்தில் அவர் இந்துக்கள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று மேலிடம் குற்றம் சாட்டியது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். ஒரு ஊர்வலத் தகராறுக்காக அமைதிக் கூட்டத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். யாருக்கு முதலில் டீ கொடுக்கிறோம் என்பதைக்கூட எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று வாய்மொழியாக வந்த ஒரு உத்தரவை நான் நிறைவேற்றினேன். விஷயம் பெரிதானதும், உத்தரவிட்டவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். விளக்கம் எழுதிக் கொடுத்தது நான். எழுத்தில் வராத உத்தரவு யாருடையதும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் கோத்ரா விவகாரத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அவர் அடுத்துச் செய்தது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை. 1930-இல், காந்தி தண்டியில் உப்பு அள்ளிய அடுத்த மாதமே, வேலையை ராஜினாமா செய்தார். வயது 34. அப்புறம் சிறை.

1937-இல் பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. பி.ஜி. கேர் முதலமைச்சர், மொரார்ஜி வருவாய் அமைச்சர். வரிகொடா இயக்கத்தில் கலந்துகொண்ட விவசாயிகளிடமிருந்து பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து விற்ற நிலங்களை உரியவர்களுக்கே திருப்பிக் கொடுக்க அந்த அரசு சட்டம் செய்தது. ஜப்தி செய்த நிலம் வேறொருவர் பெயருக்கு மாறியபின் அதை மீட்பது எவ்வளவு பாடு என்று பதிவேடு பார்த்தவர்களுக்குத் தெரியும். நில வரி வசூலித்த துறையிலிருந்து வந்தவர் பொறுப்பில் இருந்தபோது அது நடந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, அவரை முழுக்கப் புகழ எனக்கு மனம் வரவில்லை. விதி என்றால் விதி என்று நிற்கிற அதிகாரி அவருக்குள் கடைசி வரை இருந்தார். 1955-56-இல் பம்பாய் யாருக்கு என்ற போராட்டம் வெடித்தபோது அவர்தான் பம்பாய் மாநில முதலமைச்சர். ஒருங்கிணைந்த மகாராஷ்டிரம் கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டவர்கள் நூற்றுக்கும் மேல். மும்பை ஹுதாத்மா சௌக்கில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே பிரச்சினையில், அவரைப் போலவே அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்த சி.டி. தேஷ்முக் மத்திய நிதியமைச்சர் பதவியையே உதறினார். அந்த ஒப்பீட்டில் என் மதிப்பெண் தேஷ்முக்குக்குத்தான்.

1958-இல் எல்.ஐ.சி. பணத்தில் பங்கு வாங்கிய முந்த்ரா விவகாரத்தில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். சில வாரங்களில் நிதி இலாகா மொரார்ஜிக்கு வந்தது. சீனப் போருக்குப் பின் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 கேரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது. தங்கக் கடத்தலையும் அந்நியச் செலாவணி விரயத்தையும் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு காகிதத்தில் சரிதான். தாலி செய்து பிழைத்த பத்தர்களின் பட்டறை அந்தக் கணக்கில் இல்லை. நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள்.

ஆனால் 1968 பட்ஜெட்டைப் பாருங்கள். அதுவரை தொழிற்சாலை வாசலில் கலால் அதிகாரி நின்று சரக்கை மதிப்பிட்டு முத்திரை குத்தினால்தான் லாரி நகரும். அதை எடுத்துவிட்டு, உற்பத்தியாளரே வரியைக் கணக்கிட்டுச் செலுத்தலாம் என்றார். அதிகாரி கையில் இருந்த அதிகாரத்தை முன்னாள் அதிகாரியே குறைத்தார்.

பிரதமர் நாற்காலி அவருக்கு இரண்டு முறை தவறியது. 1964-இல் காமராஜர் எம்.பி.க்களிடம் கருத்துக் கேட்டு சாஸ்திரி பெயரைச் சொன்னார். 1966-இல் இந்திரா காந்தியிடம் 355-க்கு 169 என்று தோற்றார். 1969-இல் இந்திரா அவரிடமிருந்து நிதி இலாகாவை எடுத்துக்கொண்டதும் துணைப் பிரதமர் பதவியை விட்டு வெளியேறினார்.

அப்புறம் 1975. ஜூன் 25 இரவு, அமைச்சரவைக்கே தெரியாமல் பிரதமர் இந்திரா அனுப்பிய நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் அமைச்சர்களைக் கூட்டிச் சொன்னார்கள். அதற்குள் மொரார்ஜி உட்படப் பலர் கைதாகியிருந்தார்கள். 79 வயதில் உள்ளே போனவர் 1977 ஜனவரியில்தான் வெளியே வந்தார். மார்ச் 24-ஆம் தேதி, 81 வயதில் பிரதமராகப் பதவியேற்றார். காங்கிரஸ் அல்லாத முதல் மத்திய அரசு.

இரண்டரை வருடம்கூட அந்த ஆட்சி தாங்கவில்லை. அமைச்சரவைச் சகா சரண் சிங்கோடு நடந்த சண்டை எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது அந்த ஆட்சி கொண்டுவந்த 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைத்தான். ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற தொளதொளப்பான காரணத்தை நீக்கி, போரோ வெளித்தாக்குதலோ இல்லாதபோது ஆயுதக் கிளர்ச்சி இருந்தால்தான் நெருக்கடி நிலை என்றார்கள். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நெருக்கடி காலத்திலும் நிறுத்தி வைக்க முடியாது என்றார்கள். கூடவே ஒரு சின்ன வாசகமும் சேர்ந்தது: அமைச்சரவையின் முடிவு குடியரசுத் தலைவருக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் பிரகடனம் செய்யக்கூடாது.

அரசியல் சட்டத்தில் நெருக்கடி நிலை பற்றிய 352-ஆவது பிரிவில் அந்த வாசகம் இன்றும் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அமைதிக் கூட்டத்து மேசைதான் ஞாபகம் வருகிறது.